சனிக்கிழமைச் சம்பளத்தில் வீடு நடத்துவது: கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கான சிக்கன வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலும் சம்பளம் சனிக்கிழமைதோறும் கைக்கு வருகிறது. வீட்டு வாடகை மாதத்திற்கு ஒருமுறை, மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறை, கைப்பேசி ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒருமுறை வந்து நிற்கின்றன. மாரியம்மன் நோம்பியும் (திருவிழா) ஒறம்பரை (உறவினர்) வீட்டுச் சீரும் தம் விருப்பப்படி வருகின்றன. சம்பாத்தியம் போதாமல் கடன்பட்ட வீடுகளைவிட, பணம் வரும் நாளும் போகும் நாளும் பொருந்தாமல் கடன்பட்ட வீடுகளையே எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமிக்கும் யோசனைகளை இங்கே நான் சொல்லப்போவதில்லை. அந்த நாட்களைப் பொருத்துவது எப்படி, பொருத்திய பின் கையில் நிற்பதை எங்கே வைப்பது என்பவையே இங்கே பேசப்படுகின்றன. மாதச் சம்பளக்காரர்களுக்கும் இரண்டாம் படியைத் தவிர மற்றவை அப்படியே பொருந்தும்.

முதற்படி: எட்டு வாரம் எழுதுவது மட்டும்

80 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அடுப்படியில் மளிகைச் சாமான் அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். பேனாவையும் நூலில் கட்டிவிடுங்கள். பேனாவைத் தேடும் அந்த நேரத்தில்தான் கணக்கெழுதும் பழக்கம் நின்றுபோகிறது. கைப்பேசியிலேயே எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசி ஒருவருக்குச் சொந்தம், நோட்டு வீட்டுக்கே பொது. மாமியாரும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

ஒவ்வொரு வரியிலும் தேதி, பொருள், தொகை ஆகியவற்றை எழுதி, ஓரத்தில் வயிறு, வீடு, வெளி என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். உண்பதெல்லாம் வயிறு, வாடகை, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், பழுதுபார்ப்பு எல்லாம் வீடு, பேருந்து, பெட்ரோல், கைப்பேசி, பேக்கரி, கோயில், மொய் எல்லாம் வெளி. இதற்கு மேல் பிரித்தால் எழுதுகிறவருக்கு அலுத்துவிடும். எட்டு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் மின்கட்டணம்தான். ஒரு மாதம் மட்டும் எழுதினால் அது மின்கட்டணம் வராத மாதமாக அமைந்து, மிச்சம் இருப்பதுபோல் ஒரு பொய்த்தோற்றத்தைத் தந்துவிடக்கூடும். இந்த எட்டு வாரமும் எந்தச் செலவையும் குறைக்க முயல வேண்டாம். குறைக்கத் தொடங்கினால் எழுதுவதில் ஒளிவுமறைவு வந்துவிடும்.

எங்கள் வீட்டில் முதல் எட்டு வாரத்தைக் கூட்டியபோது கண்ணில் பட்டது பேக்கரிச் செலவு. மாலையில் இரண்டு டீ, ஒரு தேங்காய் பன், பிள்ளைக்கு ஒரு பப்ஸ் என்று நாளுக்கு 60 ரூபாய்; வாரத்திற்கு ஆறு நாள் என்றால் 360; எட்டு வாரத்தில் 2,880 ரூபாய். மளிகைக் கடையில் பருப்பு விலைக்கு நான் வாதாடி மிச்சம் பிடித்தது இதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. பேக்கரியை முற்றிலும் நிறுத்தவில்லை, புதனும் சனியும் என்று இரண்டு நாளாக்கினோம். கொங்கு நாட்டில் பிறந்தவரிடம் பேக்கரிப் பக்கமே போகாதே என்று சொல்வது நடக்கிற காரியமும் அன்று.

இரண்டாம் படி: ஐந்தாவது சனிக்கிழமையைப் பிடித்து வைப்பது

வாரச் சம்பளக்காரர்கள் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஆண்டுக்கு 52 சனிக்கிழமைகள் வருகின்றன, சில ஆண்டுகளில் 53. மாதத்திற்கு நான்கு என்று கணக்கிட்டால் 48 தான் ஆகிறது. மீதி நான்கு சனிக்கிழமைகள், நான்கு மாதங்களில் ஐந்தாவது சனிக்கிழமையாக வந்து, வந்த சுவடு தெரியாமல் செலவழிந்து போகின்றன.

மாதச் செலவு ஒவ்வொன்றையும் நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். வாடகை 6,000 ரூபாய் என்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் 1,500 ரூபாயைத் தனி உறையில் போட வேண்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு உரியதாகையால் எட்டால் வகுக்க வேண்டும். எரிவாயு உருளை உங்கள் வீட்டில் எத்தனை வாரம் வருகிறது என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும். விலையை அந்த எண்ணால் வகுங்கள். இப்படி நான்கு சனிக்கிழமைகளில் உறைகள் நிறைந்துவிடுவதால், ஐந்தாவது சனிக்கிழமை வரும் வாரத்தில் உறைகளுக்கு எதுவும் தேவைப்படாது. அந்த வாரத்துச் சாப்பாட்டுச் செலவு போக மீதி முழுவதும் ஆண்டுச் செலவுகளுக்கு உரியது. தினசரி காலண்டர் வாங்கியவுடன் அந்த நான்கு சனிக்கிழமைகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.

ஆண்டுச் செலவுகள் எவை என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். ஜூனில் பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும், ஆடி 18, தீபாவளித் துணி, பொங்கல், ஊர் நோம்பி, வண்டிக் காப்பீடு, ஏப்ரலிலும் அக்டோபரிலும் சொத்து வரி என்று எழுதினால் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்திற்குள்ளேயே கட்டினால் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழிக்கிறார்கள் (அதற்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு). பிந்தினால் மாதத்திற்கு 1 சதவீதம் அபராதம் சேர்கிறது.

பட்டியலில் பெரும்பாலோர் எழுத மறப்பது மொய். நம் பக்கத்தில் அது மறைமுகமான கடன் என்பதை எல்லோரும் அறிவோம். நம் வீட்டுக் காதுகுத்துக்கு வந்ததை அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சற்றுக் கூட்டித் திருப்ப வேண்டும். பழைய மொய் நோட்டை எடுத்து, அதில் உள்ள வீடுகளில் யார் வீட்டில் அடுத்த இரண்டு ஆண்டில் கல்யாணமோ சீரோ வரக்கூடும் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம் வந்தபின் திகைத்து நிற்பதைவிட, ஒரு மாலை இதற்குச் செலவிடுவது நல்லது. ஆண்டுச் செலவுகளின் மொத்தம் 52,000 ரூபாய் என்று வந்தால், அது வாரத்திற்கு 1,000 ரூபாய். அந்தத் தொகையை வாராவாரம் எடுத்துவைக்க இயலாத வீடுகளில், நான்கு ஐந்தாம் சனிக்கிழமைகளும் தீபாவளி போனசும் சேர்ந்து எவ்வளவு தூரம் அதை அடைக்கின்றன என்று பார்த்து, குறைவதை மட்டும் வாரங்களின்மேல் பரப்பிக்கொள்ளலாம்.

கைப்பேசியைப் பற்றி ஒரு வரி போதும்: 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை பணம் கட்டுகிறீர்கள். 84 நாள் திட்டத்தையும் ஓராண்டுத் திட்டத்தையும் நாளால் வகுத்து ஒப்பிட்டபின் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: எங்கே வாங்குவது, எந்த மாதத்தில் வாங்குவது

முதலில் ரேஷன் கடை. அரிசி அட்டைக்கு அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் தரப்படுகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும், சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிக்கடையில் துவரம் பருப்பு கிலோ நூறு ரூபாயைத் தாண்டுவதால், அந்த ஒரு கிலோவை வாங்காமல் விடும் வீடு மாதந்தோறும் 70 ரூபாய்க்கு மேல் இழக்கிறது. ரேஷன் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட மனம் வராதவர்கள் அதன் புழுங்கலரிசியை இட்லி, தோசை மாவுக்கு வைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் நடப்பதும் அதுதான். பருப்பும் எண்ணெயும் மாதக் கடைசியில் தீர்ந்துவிடக்கூடும் என்பதால், கடைக்குப் போகும் நாளை மாதத்தின் முதல் பாதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்ட பின், கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் அவை வந்தன. ஈரோடு சம்பத் நகர், கோவை ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, திருப்பூர் தென்னம்பாளையம், பொள்ளாச்சி, கோபி என்று உங்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கும். இடைத்தரகர் இல்லை, விவசாயிக்குக் கடை வாடகையும் இல்லை, அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். இன்ன காய்தான் வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகிறவர்களுக்கு இந்தச் சந்தையால் பாதிப் பயன்தான் கிடைக்கும். பலகையை முதலில் படித்து, மலிந்திருக்கும் நான்கு காய்களை எடுத்து, அதற்கேற்ப அந்த வாரத்துச் சமையலை அமைத்துக்கொள்வதே முறை. கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கத்துத் தக்காளி ஒரு மாதம் கேட்பாரற்றுக் கிடக்கும், இன்னொரு மாதம் கைவைக்க முடியாத விலைக்குப் போகும். மலிந்த வாரத்தில் ஐந்து கிலோ வாங்கித் தொக்காக்கி வைத்தால், விலை ஏறிய வாரங்களில் தக்காளி இல்லாமலே குழம்பு கொதிக்கும். வெள்ளக்கோவில், மூலனூர்ப் பக்கத்து முருங்கைக்கும் இதே கதைதான். ஆனால் முருங்கையும் கருவேப்பிலையும் பப்பாளியும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. பொடக்காளியில் (புறக்கடையில்) பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடத்தில் ஒரு முருங்கைப் போத்தை (கிளைத் துண்டை) நட்டுவிட்டால் கீரைக்கும் காய்க்கும் கவலையில்லை.

சேமித்து வைக்கும் சாமான்களுக்குக் காலம் உண்டு. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை நீக்கி, கல்லுப்பு கலந்து, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடைத்தால் அடுத்த மாசி வரை கெடாது. மிளகாய் வற்றலையும் மல்லியையும் பங்குனியில் வாங்கி, சித்திரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து மில்லில் அரைத்து வைப்பது, மாதாமாதம் பொட்டலப் பொடி வாங்குவதைவிட மலிவு. மஞ்சளும் அப்படியே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் தைக்குப் பின் சந்தைக்கு வரத் தொடங்குகிறது; விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொண்டால் கலப்படம் பற்றிய சந்தேகமும் தீர்கிறது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையையும் சித்தோட்டு வெல்லத்தையும் பொங்கல் நெருக்கத்தில் வாங்காமல், பொங்கல் கழிந்து தேவை தணிந்தபின் வாங்குங்கள். சின்ன வெங்காயத்தை மலிந்தபோது பத்துக் கிலோ வாங்கி, பிளாஸ்டிக் பையில் முடிந்து வைக்காமல் கட்டிலுக்கடியில் சாக்கின்மேல் பரப்பி வையுங்கள். காட்டில் வெங்காயத்தைச் சேமிக்கப் பட்டறை போடுகிறவர்கள் காற்றோட்டத்துக்கு ஏன் அவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பது அப்போது புரியும்.

பருப்பை மொத்தமாக வாங்குவதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) காலத்தில் துவரைக்குச் செம்மண் கட்டி, காயவைத்து, மொடாவில் அடைத்து ஓராண்டு வைத்திருந்தார்கள்; அது முழுத் துவரை, வீட்டிலேயே திருகையில் உடைத்தார்கள். இன்று கடையில் வாங்கும் உடைத்த பருப்பு, மூன்று மாதத்தில் வண்டு பிடித்துவிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் குப்பைக்குப் போகும். இரண்டு மாதத்திற்கு மேல் தேவையான பருப்பை வாங்காதீர்கள். வாங்கியதை வெயிலில் காட்டி, நன்றாக ஆறியபின், ஈரமில்லாத டப்பாவில் நான்கு வரமிளகாயுடன் வையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் செக்கெண்ணெய் ஆட்டிக்கொள்வது சிக்கனம் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கிலோ தேங்காய்ப் பருப்பை ஆட்டினால் ஏறக்குறைய 6 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். பத்துக் கிலோ நிலக்கடலைப் பருப்புக்கு 4 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். பருப்பை விலைக்கு வாங்கி ஆட்டுகிறவருக்கு இது பாக்கெட் எண்ணெயைவிட மலிவாக வருவதில்லை. தோப்பில் தேங்காயோ காட்டில் கடலையோ சொந்தமாக உள்ளவருக்கு மட்டுமே இதில் இலாபம். மற்றவர்கள் ருசிக்காகவும் சுத்தத்துக்காகவும் ஆட்டலாம், ஆனால் அதைச் சிக்கனம் என்ற கணக்கில் எழுத வேண்டாம்.

நான்காம் படி: அடுப்படி

கொங்குச் சமையலில் அரிசியும் பருப்பும் சாதத்தைப்போல் சிக்கனமான சோறு வேறில்லை. இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, சீரகம், மிளகு, மஞ்சள்தூள் எல்லாம் ஒரே குக்கரில் வெந்துவிடுகின்றன. சோறு தனி, பருப்பு தனி, குழம்பு தனி என்று மூன்று முறை அடுப்பெரிக்கும் வேலை மிச்சமாகிறது. கொள்ளும் அப்படித்தான்: இரவே ஊறவைத்து வேகவைத்தால், வடித்த தண்ணீர் ரசமாகும், கொள்ளு கடைசலாகும். வாரத்தில் இரண்டு நாள் இவ்விரண்டுக்கும் ஒதுக்கினால் எரிவாயு உருளை நாட்கணக்கில் கூடுதலாக வருவதை நோட்டே காட்டும்.

14.2 கிலோ உருளையை மாற்றும் அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். வழக்கத்தைவிட ஐந்தாறு நாள் முன்னதாகத் தீர்ந்தால் காரணம் தேட வேண்டும். சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியாவது பர்னர் அடைப்பின் அடையாளம். ஊசியால் குத்தி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகும். கசிவு இருக்கிறதா என்று ரப்பர்க் குழாயின் இரு முனைகளிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைப்பது, கொதி வந்ததும் சுடரைத் தணிப்பது, திறந்த பாத்திரத்தில் தண்ணீர் காயவைக்காமல் இருப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. செய்கிறோமா என்பதே கேள்வி.

மாவை மட்டும் கடையில் வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற நாட்டில், கிரைண்டரை அட்டாலியில் ஏற்றிவிட்டு பாக்கெட் மாவு வாங்கும் வீடுகள் பெருகிவிட்டன. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் மாவு காணும். உளுந்துக்கு 35 ரூபாய், இட்லி அரிசிக்கு 45 ரூபாய் என்று வைத்தாலும் 80 ரூபாய். ரேஷன் அரிசி என்றால் 35 ரூபாயோடு முடிந்தது. முக்கால் மணி நேரம் ஓடும் கிரைண்டர் கால் யூனிட் மின்சாரம்கூட எடுப்பதில்லை. நான் கணக்கிட்டபோது எங்கள் தெருக் கடையில் ஒரு கிலோ மாவு 45 ரூபாய்; இரண்டரைக் கிலோவுக்கு 112 ரூபாய் ஆகியிருக்கும். வாரத்திற்கு ஒருமுறை அரைக்கும் வீட்டில் ஆண்டுக்கு 1,600 ரூபாய்க்கு மேல் இந்த ஒன்றிலேயே நிற்கிறது. ரேஷன் அரிசி என்றால் 4,000 ரூபாய்.

ஐந்தாம் படி: 500 யூனிட் என்னும் கோடு

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் பணம் மிச்சமாகும் இடம் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்குச் சலுகை விலை. 500-ஐத் தாண்டினால் அந்த இரண்டாவது நூற்றின் சலுகை போய்விடுகிறது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய். பின்னர் விகிதங்கள் உயர்ந்தபோதும் இந்தப் படிக்கட்டு அமைப்பு மாறவில்லை. ஆகவே கணக்கெடுத்த நாளிலிருந்து 30-ஆம் நாள் மீட்டரை நீங்களே பாருங்கள். 250-க்கு மேல் ஓடியிருந்தால் அடுத்த மாதத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். 200-க்குள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

எதைக் குறைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. 2,000 வாட் கீசர் நாளுக்கு அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 60 யூனிட். பொடக்காளியில் வெந்நீர் அடுப்புக்கு இடமுள்ள வீடுகளில் தேங்காய்த் தொட்டியும் மட்டையும் பன்னாடையும் கீசரின் வேலையைச் செய்துவிடும். புகை வீட்டுக்குள் வராத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகிறது; தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்போது உப்புத் தண்ணீரோடு பணமும் வழிகிறது, ஓசை எழுப்பும் சிறு அலாரத்தைப் பொருத்திவிட்டால் இது நிற்கும்.

பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கிறது, பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) வகை 30 வாட் அளவில் எடுக்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 27 யூனிட் குறையும். ஆனால் ஒன்றுக்கு 3,000 ரூபாய் கொடுத்து எல்லா விசிறிகளையும் ஒரே நாளில் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. யூனிட் 5 ரூபாய் என்றால் போட்ட பணம் திரும்ப நான்கு ஆண்டு ஆகும். 500-ஐத் தாண்டி 8 ரூபாய் விகிதத்தில் கட்டுகிற வீட்டில் இரண்டரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதிக நேரம் சுற்றும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுங்கள், மற்றவை பழுதாகும்போது மாறட்டும்.

கூரையில் சூரிய மின்தகடு பொருத்த 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. இரண்டு மாதத்திற்கு 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இதனால் பெரிய பயன் இல்லை, ஏனெனில் அவர்களுடைய கட்டணமே சிறிது. குளிர்சாதனம் வைத்து 800, 1,000 யூனிட் என்று போகும் வீடுகள் மட்டும் யோசிக்கலாம்.

ஆறாம் படி: துணி, மருந்து, பேருந்து

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வீட்டில் உடுத்தும் துணிக்கு திருப்பூர் காதர்பேட்டையும், மொத்த விலைக்கு திங்கள் இரவும் செவ்வாயும் கூடும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையும் இருக்கும்போது, ஆடித் தள்ளுபடிப் பலகையைப் பார்த்துக் கடையேறத் தேவையில்லை. ஏற்றுமதியில் கழிந்த துணிகளில் தையலையும் கக்கப் பகுதியையும் திருப்பிப் பாருங்கள். துணி நன்றாக இருந்து தையல் மட்டும் பிரிந்திருந்தால் பேரம் பேச அதுவே காரணம். போர்வைக்குச் சென்னிமலை, விரிப்புக்குப் பவானி ஜமக்காளம். விலை சற்றுக் கூடினாலும் பத்தாண்டு உழைப்பவை.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீடுகள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்துகொள்வதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். வெளியில் வாங்க நேர்ந்தால், மருந்துச் சீட்டிலுள்ள மூலப்பொருள் பெயரை மருத்துவரிடம் கேட்டறிந்து, 2025 பிப்ரவரி முதல் இயங்கும் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மூலப்பொருளும் அதே மில்லிகிராமும் உள்ள மருந்தை வாங்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை; சந்தைக்குப் போவது யார் என்பதை எங்கள் வீட்டில் அந்தக் கட்டணமில்லாச் சீட்டே முடிவு செய்கிறது.

ஏழாம் படி: கடனை அடைத்த பிறகே சேமிப்பு

நோட்டில் மிச்சம் தெரியத் தொடங்கியதும் சேமிப்புக் கணக்குத் தொடங்க ஓடாதீர்கள். வாரக் கடன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்து வாரத் தவணையில் 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முன்பே பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள்; வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் வாராவாரம் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் பேச்சில் ஒரு வட்டி என்பது ஆண்டுக்கு 12 சதவீதம், இரண்டு வட்டி என்பது 24. இந்த வாரக் கடன் எட்டு வட்டிக்கும் மேல். வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நகையை வைத்து, ஏறக்குறைய ஒரு வட்டிக்குள் கடன் பெற்று இதை அடைத்துவிடுவதைவிடப் பெரிய சிக்கனம் இந்த வழிகாட்டியில் வேறெதுவும் இல்லை. நகை அடகில் இருப்பது கௌரவக் குறைவு என்று எண்ணி எட்டு வட்டி கட்டும் வீடுகளை நான் அறிவேன்.

அடுத்தது சீட்டு. தெரிந்தவர் நடத்தும் சீட்டு என்பது பாதுகாப்பு ஆகாது. 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டுச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவும் பதிவுத்துறையிடம் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும்; நடத்துபவரின் கமிஷனுக்கு 7 சதவீதம் உச்சவரம்பு. அனுமதி எண்ணைக் கேளுங்கள், கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கத்தில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் முதலை இழந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மாதந்தோறும் இவ்வளவு நிச்சயம் என்று வங்கி வட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு சொல்லும் எதற்கும் அதே முடிவுதான். வங்கி வைப்புத் தொகைக்கோ 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

சிறுவாட்டுப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் சேர்த்த பணம் 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது வெளியே வந்தே தீர வேண்டியதாயிற்று. அதை ஒளித்து வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அவரவர் பெயரில் அஞ்சலகக் கணக்கில் ஒளித்து வைக்கலாம் என்பதே என் யோசனை.

அஞ்சலகத் தொடர் வைப்பு இதற்கு ஏற்றது. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், காலம் 5 ஆண்டு. 2023 அக்டோபரில் வந்த 6.7 சதவீத வட்டியில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால், கட்டிய 60,000 ரூபாய் 5 ஆண்டு முடிவில் 71,366 ரூபாயாகத் திரும்புகிறது. இடையில் தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். 12 தவணை கட்டியபின் இருப்பில் பாதி வரை கடன் பெறலாம். மூன்று ஆண்டுக்குப் பின் கணக்கை முடித்துக்கொள்ளவும் வழியுண்டு, ஆனால் சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஆகவே கட்ட முடிகிற தொகையைவிடச் சற்றுக் குறைத்தே தொடங்குங்கள். 1,000 கட்ட முடிந்தால் 500 ரூபாயில் இரண்டு கணக்குகளாகத் தொடங்குவது நல்லது, நெருக்கடியில் ஒன்றை மட்டும் முடித்துக்கொள்ளலாம்.

தொடங்கும் தேதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாதத்தின் முதல் 15 நாட்களுக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16-ஆம் தேதியோ அதற்குப் பின்னோ தொடங்கியதற்கு மாதத்தின் கடைசி வேலை நாள் வரை அவகாசம் கிடைக்கிறது. வாடகை மாதத் தொடக்கத்தில் போய்விடுவதால், வாரச் சம்பள வீடுகள் 16-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமையில், அதற்கு முந்தைய சனிக்கிழமைச் சம்பளம் கையில் இருக்கும்போது போய்த் தொடங்குங்கள். ஆதார் அட்டை, பான் அட்டை, இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றோடு, படிவத்தில் வாரிசுதாரர் பெயரை எழுதும் இடத்தை வெறுமனே விட்டுவிடாமல் அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.